வீட்டில் ஓடாத படிப்பு பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் ஓடுகிறதே, கட்டட அமைப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. முதுகலையும் ஆய்வுப் பட்டமுமாக ஏழு வருடம் ஒரே பல்கலைக்கழக நூலகத்தில் படித்தவள் நான். உட்காரும் இடத்தைப் பொறுத்துத்தான் அன்றைய படிப்பு அமையும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

முதல் வருடம் வாசிப்பு அறையின் நடுவில் இருந்த நீள மேஜையில்தான் உட்காருவேன். எதிரே வாசல். கதவு திறக்கும்போதெல்லாம் தலை தானாக நிமிரும். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நடக்கும் வழி. யாராவது கடந்தால் தோள் இறுகும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் பத்துப் பக்கம் தாண்டாது. எனக்குத்தான் கவனம் போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அங்கே இடம் கிடைக்காமல், புத்தக அலமாரிகளைத் தாண்டி மூலையில் கிடந்த தடுப்பு வைத்த தனி மேஜைக்குப் போனேன். பின்னால் சுவர், இடப்பக்கம் ஜன்னல். அன்று மாலைக்குள் ஒரு அத்தியாயம் முழுதாக முடிந்தது.

ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் நிலக்காட்சிகளைப் பற்றி 1975-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: தான் மறைவாக இருந்துகொண்டு வெளியே பார்க்க முடிகிற இடமே மனிதருக்குப் பிடிக்கும் என்று. அந்த மூலை மேஜை எனக்கு அப்படித்தான் இருந்தது. இதைப் பழங்காலத்திலேயே அறிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் குளோஸ்டர் பேராலயத்தில் துறவிகள் படிக்கவென்று சுவரோரமாகக் கட்டிய 20 சிறு தடுப்பறைகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் விழ ஜன்னல் உண்டு. அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் பள்ளிக்குக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த நூலகத்திலும் இதே யோசனைதான். புத்தகங்கள் உள்வட்டத்தில், படிக்கும் மேஜைகள் வெளிச்சுவரை ஒட்டி. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சின்ன ஜன்னல், அதை மூடிக்கொள்ள நகரும் மரக்கதவு. வெளியே பார்ப்பதா வேண்டாமா என்பதை உட்கார்ந்திருப்பவரே முடிவு செய்துகொள்ளலாம். பள்ளி நூலகம்தான், ஆனாலும் இந்த அளவு யோசித்துக் கட்டிய பல்கலைக்கழக நூலகங்கள் குறைவு என்பேன்.

வெளிச்சத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஐரோப்பியத் தரநிலை நூலக அலமாரிப் பகுதிக்கு 200 லக்ஸும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) படிக்கும் இடத்துக்கு 500 லக்ஸும் கேட்கிறது. அதாவது புத்தகம் தேடப் போதுமான வெளிச்சம், அதைப் படிக்கப் போதாது. அளவைப் போலவே திசையும் முக்கியம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1695-இல் முடிந்த நூலகத்தில் ஜன்னல்கள் அலமாரிகளுக்கு மேலே உயரத்தில் இருக்கின்றன. வெளிச்சம் மேலிருந்து இறங்கும், வெளிக்காட்சி கண்ணை இழுக்காது. நமக்கு அப்படி அமையாவிட்டால், வலக்கையால் எழுதுபவர் ஜன்னல் இடப்பக்கம் வரும்படி உட்காரலாம், கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. லேப்டாப் என்றால் ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், நேர் எதிரிலும் வேண்டாம்.

சத்தத்தைப் பொறுத்தவரை, ஏசியின் இரைச்சல் என்னைக் கெடுத்ததில்லை. பக்கத்து மேஜையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசியதுதான் கெடுத்தது. புரிகிற வார்த்தை காதில் விழுந்தால், படிக்கும் வாக்கியம் அங்கேயே அறுந்துவிடும். புத்தகம் நிறைந்த அலமாரிகள் சத்தத்தைச் சிதறடித்து அடக்குகின்றன. எங்கள் நூலகத்தைப் புதுப்பித்தபோது அவற்றைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டுக் கண்ணாடித் தடுப்புகள் வைத்தார்கள். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு நாற்காலி நகர்ந்தால் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு அது இன்றும் வருத்தம்.

அதற்காக எல்லாரும் மூலைக்குப் போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். ராபர்ட் ஸாயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-இல் எழுதியது: சுற்றிலும் ஆட்கள் இருந்தால் நன்கு பழகிய வேலை சுறுசுறுப்பாக நடக்கும், புதிதாகக் கற்பது தடுமாறும். என் அனுபவமும் அதுவே. தெரிந்த கணக்குகளைப் போட்டுப் பழகவும் குறிப்புகளைப் படி எடுக்கவும் அந்த நடு மேஜை அருமையான இடம். நாலு பேர் குனிந்து எழுதும்போது நாமும் எழுதிவிடுவோம். புரியாத கட்டுரையை முதல் முறை வாசிக்கத்தான் மூலை வேண்டும். நல்ல நூலகத்தில் இரண்டும் இருக்கும், நடுவே கதவும் இருக்கும்.

வீட்டில் ஏன் ஓடவில்லை என்றால், முதலில் மேஜை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அறைக் கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கும், கட்டில் கண்ணெதிரே இருக்கும். மேஜையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பின்னால் விட்டு, ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்து ஒரு வாரம் படித்துப் பாருங்கள்.