இட்லிப்பூ மஞ்சளாவதற்குச் சாம்பலும் போர் தண்ணீரும்தான் காரணம்

சூரமங்கலம் மொட்டைமாடியில் இட்லிப்பூத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, தொட்டிக் கலவையின் பிஎச் (அமில-கார அளவு, 7-க்கு மேல் போனால் காரம்) 8.1 என்று எழுதியிருந்தீர்கள். விறகுச் சாம்பலும் முட்டை ஓடும் போட்டு வருவதாகச் சொல்லி, வினிகர் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த விறகுச் சாம்பலை நிறுத்துங்கள், முட்டை ஓட்டையும்தான். இரண்டுமே காரத்தை ஏற்றும். மண்ணில் இரும்பு இருக்கும். இவ்வளவு காரத்தில் வேரால் அதை எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்கு பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் உங்கள் போர் தண்ணீர் மேல்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது என்கிறீர்களே, அது பைகார்பனேட் (காரத்தை ஏற்றும் உப்பு) நிறைந்த தண்ணீரின் அடையாளம். எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் தினமும் அதையே ஊற்றினால் பிஎச் மறுபடி ஏறிவிடும். மழைநீரைப் பிடித்து இந்தச் செடிக்கு மட்டுமாவது ஒதுக்குங்கள்.

புதுக் கலவைக்கு அலசிய தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, செம்மண் 1, மக்கிய தொழுவுரம் 1. ஏற்காட்டில் காபித் தோட்டக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால் மக்கிய இலைச்சருகு ஒரு மூட்டை கேளுங்கள், அருமையாக இருக்கும். 12 அங்குலத் தொட்டிக்குக் கந்தகத் தூள் ஒரு தேக்கரண்டி போதும். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு மறுபடி போடாதீர்கள். அப்புறம், வினிகர் யோசனை வேண்டாம். அதன் பலன் நிற்காது.