ஊர் மாறும்போது பள்ளி: முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து கோவைக்குக் குடிபெயர்கிறோம். கணவருக்குச் சரவணம்பட்டி பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை, ஜூனுக்குள் போயாக வேண்டும். மகள் 5 முடித்து 6-க்குப் போகிறாள். மகன் யு.கே.ஜி. முடிக்கிறான், ஐந்தரை வயது. இரண்டு பேரும் இங்கே மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் "சி.பி.எஸ்.இ.-யில் போடு" என்கிறார்கள். ஒரு பள்ளிக்குப் போன் செய்தால், "ரெண்டு சீட்தான் இருக்கு, இன்னைக்கே 25 ஆயிரம் அனுப்பி பிளாக் பண்ணிடுங்க" என்கிறார்கள். வீடும் இன்னும் பார்க்கவில்லை. கட்டலாமா?

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். உண்மையிலேயே இடம் குறைவாக உள்ள பள்ளிகளும் உண்டுதான். ஆனால் அவர்களும் விண்ணப்பம் கொடுப்பார்கள், கட்டண விவரத்தைத் தாளில் கொடுப்பார்கள், நேரில் வந்து பார்க்கச் சொல்வார்கள். போனிலேயே பணம் கேட்கிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது, அந்த 25 ஆயிரத்துக்கு என்ன பெயர் என்பதுதான். கல்விக் கட்டணத்தில் கழிக்கப்படுமா, நன்கொடையா, நாம் சேராவிட்டால் திரும்பக் கிடைக்குமா, ரசீது யார் பெயரில்? இதை வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-வது பிரிவு நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு வைப்பதையும் தடை செய்கிறது. நன்கொடை வாங்கினால் அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். சட்டம் இப்படி இருந்தும் "டெவலப்மென்ட் ஃபண்ட்" என்று வேறு பெயரில் கேட்கிற பள்ளிகள் இருக்கின்றன, அதனால்தான் பெயரைக் கேளுங்கள் என்கிறேன்.

கட்டணத்தை எப்படிச் சரிபார்ப்பது என்றால், தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணங்களை முறைப்படுத்த 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. "கட்டண நிர்ணயக் குழுவின் ஆணை நகல் காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. வேன், புத்தகம், சீருடை, சிறப்பு வகுப்பு என்று இதற்கு வெளியே சேருவதையும் கூட்டி, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் தொகையை வைத்துப் பட்ஜெட் போட்டால் ஜூன் மாதமே இடிக்கும்.

சரி, சி.பி.எஸ்.இ.-யா மெட்ரிக்கா? இதில் சொந்தக்காரர்கள் சொல்வதைவிடக் கணவரின் வேலை சொல்வதைக் கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பெங்களூருவுக்கோ புனேவுக்கோ மாற்றுவார்கள் என்றால் சி.பி.எஸ்.இ.-க்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது, மாறுவதற்கு 6-ம் வகுப்பு நல்ல கட்டம். 9-ல் வாரியத்தில் பதிவு நடந்துவிடும், நேரடியாக 10-லோ 12-லோ சேர்வது பெரும் பாடு. கோவையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், மாநிலப் பாடத்திட்டத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை ஊரும் பள்ளியும் தோழிகளும் ஒரே நேரத்தில் மாறும்போது பாடத்திட்டத்தையும் சேர்த்து மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இன்னொன்று, சி.பி.எஸ்.இ.-க்குத்தான் போகிறீர்கள், உங்கள் மகள் இதுவரை இந்தி படிக்கவில்லை என்றால், சின்ன வகுப்பிலிருந்தே அதைப் படித்த பிள்ளைகளோடு உட்காரப் போகிறாள். அவளை எப்படிச் சேர்த்துக் கொண்டுபோவீர்கள் என்று பள்ளியில் கேளுங்கள், "அதெல்லாம் பிக்கப் பண்ணிடுவாங்க" என்பது பதில் இல்லை.

சி.பி.எஸ்.இ. என்று பலகையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. இணைப்பு கிடைத்துவிட்டதா, எந்த வகுப்பு வரைக்கும் என்பதை வாரியத்தின் சாரஸ் இணையதளத்தில் பள்ளியின் பெயர் போட்டுத் தேடினால் தெரியும். இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வகுப்பு நடத்தும் பள்ளிகளில் பிள்ளையைப் போட்டுவிட்டு 9-ம் வகுப்பில் அலைந்த பெற்றோர்களை எனக்குத் தெரியும்.

மகனுக்கு வயது முக்கியம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 5 வயது முடிந்திருந்தால் 1-ம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவும் இப்போது ஆறைத்தான் கேட்கின்றன. அங்கே போனால் பையன் யு.கே.ஜி.-யை மறுபடி படிக்க வேண்டி வரலாம், அதாவது ஒரு வருடக் கட்டணம் கூடுதல்.

மகள் விஷயத்தில் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது, 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 6-ம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. ஆக, உங்கள் மகள் நிற்பது சரியாக அந்த வாசலில். அரசுப் பள்ளியில் ஆங்கில வழியும் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல தலைமையாசிரியர் இருக்கும் ஒரு அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ இருந்தால் மரியாதைக்குறைவு என்று நினைக்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். 7-லோ 8-லோ மனம் மாறினால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. அரசு உதவிபெறும் பள்ளி மருத்துவ ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் வராது என்பதையும் கவனியுங்கள்.

வீட்டைப் பற்றி. பள்ளியை முடிவு செய்துவிட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். வடவள்ளியில் வாடகை பிடித்திருக்கிறது என்று போய்விட்டுப் பிள்ளைகளை சரவணம்பட்டிப் பள்ளிக்கு அனுப்பினால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தினமும் போய்வர வேண்டும், காலை நேர சத்தி ரோட்டில் என்ன ஆகும் என்று கணவரின் ஆபீஸ் நண்பர்களையே கேளுங்கள். வேன் என்றால் உங்கள் நிறுத்தம் எத்தனையாவது, முதல் பிள்ளை எத்தனை மணிக்கு ஏறும் என்று டிரைவரிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்டால் வேறு நேரம் சொல்வார்கள். 2012-ல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. உதவியாளர் இருக்கிறாரா, அவசர வழிக் கதவு திறக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். கட்டிட உறுதிச் சான்று, கட்டிட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இந்த நான்கும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளை இழந்த மாநிலம் இது, கேட்கிற பெற்றோரைப் பார்த்து முகம் சுளிக்கிற பள்ளி நமக்கு வேண்டாம்.

கோவைக்கு ஒரு முறை வேலைநாளில் போய்வாருங்கள். லீவு நாளில் போனால் ரிசப்ஷனும் ஸ்மார்ட் போர்டும்தான் தெரியும். மாலை பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். காத்திருக்கும் அம்மாக்களிடம் "புது அட்மிஷனுக்காக வந்திருக்கோம்" என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். யாராவது ஒருவரிடம் பிள்ளையின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய சிவப்பு டிக் மட்டும் இருக்கிறதா, தப்பான இடத்தில் வட்டம் போட்டு, பிள்ளை அதற்குக் கீழே திருத்தம் எழுதி, அதையும் டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர், டீச்சருக்கு நேரம் இருக்கிறதா என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும். அப்புறம் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று மகளையே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை போகும்போது கட்டாயம் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், அவர்கள்தானே தினமும் அங்கே இருக்கப் போகிறவர்கள்.

கேள்வி: நாங்களும் ஊர் மாறுகிறோம். பழைய பள்ளியில் மூன்றாம் டேர்ம் ஃபீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள். டி.சி. இல்லாமல் வராதே என்கிறது புதுப் பள்ளி. மகன் 4-ம் வகுப்பு.

பதில்: கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு உங்களுக்கானது. டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது என்கிறது. டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி இல்லை, சேர்க்கைக்கு அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பாக்கி நியாயமானது என்றால் தவணையாகத் தருவதாக எழுதிக் கொடுங்கள், அது வேறு விஷயம். டி.சி. கேட்டு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு, கூடவே 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கு ஒரு போன். பழைய பள்ளி எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், பையனின் பெயரைப் பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும், பேப்பர் கையில் வந்துவிட்டது என்று இதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மார்ச்சில் 40 ஆயிரம் கட்டி இடம் பிடித்தோம். டிரான்ஸ்ஃபர் ரத்தாகிவிட்டது. பள்ளி பணம் தர மறுக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கல்வி ஒரு விற்பனைச் சரக்கு இல்லை, கல்வி நிலையங்கள் சேவை வழங்குபவர்கள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு பல்கலைக்கழக வழக்கில் சொன்னது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020-ல் அதே வழியில் போனது. பள்ளி வக்கீல் முதல் நாளே இதைத்தான் எடுத்து நீட்டுவார். அதனால் முதலில் ரசீதைப் பாருங்கள். தொகை அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் இருந்தாலோ, ரசீதே இல்லாமல் வாங்கியிருந்தாலோ, கட்டண நிர்ணயக் குழுவுக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் புகார் அனுப்புங்கள், வகுப்பு தொடங்கும் முன்பே விலகியதாகத் தேதியோடு எழுதுங்கள். சேர்க்கைப் படிவத்தில் "திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற வரி இருக்கிறதா, நீங்கள் கையெழுத்திட்டது பணம் கட்டும் முன்பா பிறகா என்பதும் முக்கியம். இவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் ஆலோசனை கேளுங்கள். பேசி முடிக்கிற வழி இருந்தால் அங்கேயே முயன்று பார்க்கலாம்.