வலிப்பு உள்ள வீட்டில் வாசிப்பும் பேச்சும்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகள்

மகனுக்கு 8 வயது, ரோலாண்டிக் வலிப்பு (பெரும்பாலும் தூக்கத்தில் வாய், முகம் ஒருபக்கம் இழுக்கும் குழந்தைப்பருவ வலிப்பு). மாத்திரை தொடங்கியபின் வலிப்பு நின்றுவிட்டது. வாசிப்பு மட்டும் இன்னும் தடுமாறுகிறது. மாத்திரைதான் காரணமா? (சாட்ஸ்வர்த்)

பெரும்பாலும் இல்லை. இந்த வகை வலிப்பு உள்ள பிள்ளைகளிடம் வாசிப்புக் குறைபாடும் உச்சரிப்புக் குறைபாடும் கூடுதலாகவே காணப்படுகின்றன. பல பிள்ளைகளுக்கு முதல் வலிப்பு வருமுன்பே பேச்சில் தடுமாற்றம் இருந்திருக்கும். கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அப்போதே ஆசிரியர் குறிப்பிட்டிருந்தால் மாத்திரைமேல் பழியில்லை. மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் புதிதாக மந்தம் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; வலிப்பு மருந்துகளில் டோபிராமேட் சொல் கிடைக்காமல் தவிக்கவைக்கும், பீனோபார்பிட்டோன் கவனத்தைக் குறைக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நீண்ட வலிப்பு வரலாம்.

வலிப்பு நின்றால் வாசிப்பும் தானே சரியாகும் என்று காத்திருப்பதில்தான் பொன்னான வருடங்கள் போகின்றன. ரோலாண்டிக் வலிப்பு 16 வயதுக்குள் அநேகமாக மறைந்துவிடும். வாசிப்புக் குறை அப்படி மறைவதில்லை. முதலில் கண், காது இரண்டையும் சோதியுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் எஸ்என்ஏ 1 படிவத்தை (பிள்ளைக்கு என்ன கூடுதல் உதவி தேவை என்று பதியும் பள்ளிப் படிவம்) நிரப்பக் கேளுங்கள். வகுப்பில் செய்யும் உதவி போதாவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு அடுத்த படிவமான எஸ்என்ஏ 2 வழியாக எடுத்துக்கொள்ளும். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்டுதல் போன்ற சலுகைகளையும் அப்போதே கேட்டுவையுங்கள்.

வீட்டில் தினம் 15 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் புத்தகம் இல்லாமல், காதால் மட்டும்: 'ஸ்டாப்' என்பதில் முதல் ஒலியை எடுத்தால் என்ன? 'டாப்'. இதில் தடுமாறும் பிள்ளைக்குப் பக்கம் பக்கமாகப் படிக்கக் கொடுத்துப் பயனில்லை. அடுத்த 10 நிமிடம் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக வாசிக்கவேண்டும். முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து ஊகித்தால், படத்தைக் கையால் மறைத்து, அதே சொல்லைக் கடைசி ஒலிவரை சொல்லவையுங்கள். வண்ணக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கவேண்டாம்.

அக்காவுக்குத்தான் ரோலாண்டிக் வலிப்பு, தம்பிக்கு இல்லை. 4 வயதாகியும் 'க' வராமல் 'த' என்கிறான். (ஃபீனிக்ஸ்)

இப்படிப்பட்ட குடும்பங்களில் வலிப்பே வராத உடன்பிறப்புகளுக்கும் பேச்சு, வாசிப்புத் தடுமாற்றம் வர வாய்ப்பு அதிகம். 4 வயதில் வெளியார்க்கும் பேச்சு ஏறக்குறைய முழுதும் விளங்கவேண்டும். காது சோதனை முடித்து ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். இதற்காக மட்டும் அவனுக்கு இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) வேண்டாம்.

ஆயா (பாட்டி) தமிழில் பேசுவதால்தான் பிள்ளை குழம்புகிறாள் என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். (மெரேபேங்க்)

ஆயா பேசட்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறை வருவதில்லை.

5 வயது மகள் சில வாரங்களாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் குறைகிறது. காது நன்றாக இருக்கிறதாம். பிட்ஸ் எதுவும் இல்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நன்றாகப் பேசிய பிள்ளை சொல்லைப் புரிந்துகொள்ளும் திறனை இழப்பது லாண்டாவ்-கிளெஃப்னர் நோயாக இருக்கலாம். 1957இல் முதலில் விவரிக்கப்பட்டது. சிலருக்கு வெளியே தெரியும் வலிப்பே இருக்காது. பிள்ளை தூங்கும்போது எடுக்கும் இஇஜியில்தான் இது நன்கு தெரியும். விழித்திருக்கையில் எடுத்தது சரியாக இருந்தது என்று திருப்திப்படவேண்டாம். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, குழந்தை நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். 'தூக்கத்தில் இஇஜி' என்பதைக் கேட்டு எழுதவையுங்கள். இழந்த சொற்களின் பட்டியலும், முன்பு அவள் பேசிய போன் வீடியோவும் கையில் இருக்கட்டும்.

அதிகாலையில் வாய் ஒருபக்கம் இழுத்து எச்சில் வடிகிறது. விழித்துப் பார்க்கிறான், பேச முடியவில்லை. நாம் பேசுவது கேட்குமா? (லெனேசியா)

பெரும்பாலும் கேட்கும். நாக்கும் தொண்டையும் அந்த நேரம் அவன் சொல்படி அசையாது, அவ்வளவே. ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரம் பார்த்து, மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். வாயில் கரண்டி, தண்ணீர், மருந்து எதுவும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. நின்றபிறகும் சிறிது நேரம் பேச்சு குழறலாம், கேள்வி கேட்டுத் துளைக்கவேண்டாம். தூக்கம் கெட்டால் இது வரும். காவடிக்கு இரவு விழித்திருக்கவேண்டிய நாளில் அவனை வழக்கமான நேரத்தில் தூங்கவிடுங்கள்.