லண்டனில் இருப்பதாகச் சொன்ன மாமா

தங்கச்சி, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை, பள்ளிக்கூடம், குளிர் உடுப்பு என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். சப்பாத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள், மற்றதெல்லாம் பக்கத்து வீட்டார் சொல்லித் தருவார்கள். கடைசி வரியில் கேட்டதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். காணாமல் போன உங்கள் தம்பியின் படத்தைக் காட்டி எட்டு வயது மகள் கேட்டபோது, "மாமா லண்டனில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டீர்கள். அதை அப்படியே விடலாமா என்கிறீர்கள்.

விடாதீர்கள். செத்த வீடு என்றால் இங்கே ஊர்ச் சனம் முழுவதும் ஒரே மண்டபத்தில் கூடும். யாரோ ஒரு மாமி பிள்ளையின் கன்னத்தைத் தடவியபடி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். இன்னொன்று, ஒரு வருடத்தில் மகள் உங்களைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவாள். அதற்காகச் சட்டத்தரணியிடம் அவளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். அகதி விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை, அதை நடத்துகிற சபையே இலவசமாகத் தரும். மாமாவுக்கு நடந்ததை அவள் அந்நிய மேசையில் கேட்கக் கூடாது, உங்கள் மடியில் கேட்க வேண்டும்.

பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற சாமத்தியச் சடங்குக்குப் பல்லக்கும் பூமழையும் ஏற்பாடு செய்கிற வீடுகளில் பிள்ளைக்கு அம்மம்மாவின் பெயர் தெரிவதில்லை. எனக்கு அது பொறுப்பதே இல்லை. ஆனால் நானும் பதினைந்து வருடம் மறைத்தவள்தான்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாண நகரமும் எங்கள் ஊர்களும் இருக்கிற வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணவர் கொழும்பில். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. அம்மாவுக்கோ கால் முடியாது, நடக்க மாட்டார். "நீ பிள்ளையைக் கொண்டு போ" என்றார். ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி அவருடைய தலைமாட்டில் வைத்தேன். பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. போத்தலில் இருந்ததே விரற்கடை அளவு எண்ணெய். பாக்குவெட்டியையும் ஒரு செம்புத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு மழையில் இறங்கினேன். செம்மணி வீதியில் சனத்துக்குள் சனம். சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் போகிற தூரம், நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. அடுத்த வருடம், தஞ்சம் புகுந்திருந்த சாவகச்சேரியிலிருந்து திரும்பிப் போனபோது அம்மா இல்லை. ஊரில் தங்கிவிட்ட ஒரு முதியவர்தான் எரித்தாராம்.

1998 மாசியில் மூன்று வயதை எட்டப்போகிற மகளோடு இங்கே வந்து இறங்கினேன். இரவில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தேன், பனியில் கார் ஓட்டப் பழகினேன், வீடும் வாங்கினேன். அம்மம்மா காய்ச்சலில் போனார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். உன்னைத் தூக்கியதால்தான் அவரை விட்டேன் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஒரு செத்த வீட்டில் உறவுக்காரி ஒருத்தி சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, கூழுக்கு நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் இருந்து இறாலை உரிக்கத் தொடங்கினாள். கையில் வேலை இருந்ததால் முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிந்திருக்கும் அம்மா?" என்றாள். விடியும் வரை எரிந்திருக்காது என்று உண்மையைச் சொன்னேன். அழுதோம். கூழ் அன்று இரவு ஒன்பது மணிக்குத்தான் இறங்கியது.