புதிய உலகம்னா எது? ஆஸ்திரேலியாவும் சேருமா?

கேள்வி (வாசகர், மன்னார்குடி): சார், பொண்ணு குரூப் 2-க்கு படிக்கிறா. கைடுல 'புதிய உலகம் என்பது மேற்கு அரைக்கோளம்'னு ஒத்த வரியோட விட்டுட்டான். அட்லஸ்ல பாத்தா அந்தப் பாதில ஆப்பிரிக்கா துண்டும் வருதுங்கறா. ஆஸ்திரேலியாவும் லேட்டாதானே தெரிய வந்துச்சு, அது எதுல சேத்தி? இப்பவும் இந்தப் பேர யாராச்சும் யூஸ் பண்றாங்களா?

பதில்: கைடோட நிக்காம அட்லஸ எடுத்துச்சு பாருங்க, பொண்ணு பாஸ் பண்ணிடும்.

வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, பக்கத்து கரீபியன் தீவுங்க, இவ்ளோதான் புதிய உலகம். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா பழைய உலகம். மேற்கு அரைக்கோளம்னு பேச்சுக்கு சொல்லலாம், ஆனா கோடு போட்டுப் பாத்தா இடிக்கும், ஏன்னா பூஜ்ஜிய டிகிரி கோடு போற லண்டன் கிரீன்விச்சுக்கு மேற்க எல்லாம்னா போர்ச்சுகல், அயர்லாந்து, செனகல் அத்தனையும் உள்ள வந்துடும், அட கொலம்பஸ் கப்பல் ஏறுன ஸ்பெயின் துறைமுகமே அந்தப் பாதிலதான் இருக்கு, அந்தாளு கெளம்பவே வேணாமே! கிரீன்விச் கோட்ட பொதுவா ஏத்துக்கிட்டது 1884-ல. இந்தப் பேரு அதுக்கு ரொம்ப முந்தி.

1492-ல போய் எறங்குன கொலம்பஸ் அத ஆசியாவோட ஓரம்னு நெனச்சார், 1506-ல சாகற வரைக்கும் அந்த எண்ணம் போகல. 1503 வாக்குல அமெரிகோ வெஸ்புச்சிங்கற இத்தாலிய மாலுமி பேர்ல லத்தீன்ல ஒரு கடுதாசி அச்சாகி ஐரோப்பா பூரா சுத்துச்சு, தலைப்பே 'முண்டுஸ் நோவுஸ்', புதிய உலகம்னு. 1507-ல வால்ட்சீமுல்லர்ங்கற ஜெர்மன்காரர் போட்ட மேப்புல அந்த அமெரிகோ பேர வச்சே அமெரிக்கான்னும் எழுதிட்டாங்க. அங்கயே ஆயிரக்கணக்கான வருஷமா இருந்த ஜனங்களுக்கு என்னங்க புதுசு? மெக்சிகோவுல ஏரி நடுவுல டெனோச்சிட்லான்னு பெரிய நகரமே கட்டி வாழ்ந்தாங்க. அதனால சரித்திரம் எழுதறவங்க பல பேர் இந்தப் பேர இப்ப தள்ளி வைக்கறாங்க, நானும் அமெரிக்கக் கண்டங்கள்னே சொல்லிடறது.

செடிகொடி, ஜீவராசி பத்தி பேசறவங்க மட்டும் இன்னும் விடல, அவங்களுக்கு அது தேவைப்படுது. உங்க திருவாரூர் ஜில்லாவுல கோடைல போட்டு விற்பனைக்கூடத்துல ஏலத்துக்கு கொண்டு போறாங்களே பருத்தி, அது பெரும்பாலும் ஹிர்சூட்டம், புதிய உலகத்து வகை. கோவில்பட்டி கரிசல்ல போட்ட கருங்கண்ணி பழைய உலகத்து வகை. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், ஹிர்சூட்டத்துக்கு 52, ரெண்டையும் கலப்பு பண்ணா வர்ற செடி பெரும்பாலும் மலடாதான் நிக்கும். அதான் பருத்தி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இந்தப் பிரிவு லேசுப்பட்டதில்ல.

சாப்பாட்டுல பாக்கணுமா, இட்லி தோசைக்குத் தொட்டுக்கற கும்பகோணம் கடப்பாவ எடுத்துக்குங்க. பயத்தம்பருப்பு நம்ம ஊரு, உருளக்கெழங்கும் பச்சமொளகாவும் அமெரிக்கா. திவசத்து சமையல்ல மொளகா, தக்காளி, உருளைய ஒதுக்கிட்டு மொளகு போடற வீடுங்க இருக்குல்ல, ஒதுக்குன மூணுமே கடல் தாண்டி வந்த சரக்குதான்.

ஆஸ்திரேலியா? வழக்கமா ரெண்டுலயும் சேக்கறதில்ல. ஒயின் வியாபாரத்துல மட்டும் வேற கணக்கு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஏன் தென்னாப்பிரிக்கா ஒயினக்கூட புது உலகத்து ஒயின்னுதான் விப்பாங்க. பரீட்சைல அத நெனச்சு கொழம்ப வேணாம், ஆப்ஷன்ல அமெரிக்கக் கண்டங்கள்னு இருந்தா கண்ண மூடிட்டு டிக் அடிக்கச் சொல்லுங்க.

கேள்வி (வாசகி, பாபநாசம்): எங்க மாமியார் போடற வெத்தல, சீவல், புகையில மூணும் நம்ம ஊரு சரக்குதானே?

பதில்: வெத்தலையும் பாக்கும் ஆசியாதாம்மா. புகையில அமெரிக்கா, வேதாரண்யத்துல வெளஞ்சு பேர் வாங்குனதெல்லாம் அப்பறம். மாமியார்கிட்ட அதை மட்டும் வாங்கி ஒளிச்சு வையுங்க, திட்டு வாங்குனா நான் பொறுப்பில்ல.