கையில் ஒட்டிய சென்சார் 58 காட்டினால்?

அப்பாவுக்கு 14 நாள் சுகர் சென்சார் ஒட்டியிருக்கிறோம். விடிகாலை 3 மணிக்கு 58 என்று அலாரம் அடிக்கிறது. விரலில் குத்திப் பார்த்தால் 104. சென்சார் பழுதா? (செம்பூர்)

சென்சார் ஒட்டிய கைப்பக்கமாகவே படுக்கிறாரா என்று முதலில் கவனியுங்கள். அதன் மெல்லிய இழை ரத்தக் குழாய்க்குள் போவதில்லை. தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே ஊறும் நீரில்தான் நிற்கிறது. உடல் பாரம் அழுத்தும்போது அந்தச் சின்ன இடத்துக்கு ரத்தம் வருவது குறையும், அங்கே குளுக்கோஸும் குறையும். சென்சாருக்குத் தெரிவது அவ்வளவுதான். கோடு திடீரென்று சரிந்து, புரண்டு படுத்த சற்று நேரத்தில் மேலே ஏறினால் பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம்.

ஆனால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் இருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம். விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள்.

சாப்பிட்டதும், வேகமாக நடந்ததும் சென்சார் ரத்தத்தைவிட 5 முதல் 10 நிமிடம் பின்தங்கும். ஒட்டிய முதல் நாள் எண்களை அவ்வளவாக நம்ப வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சென்சாரின் கையேட்டைப் பாருங்கள்; சில மாடல்களில் நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் சுகர் அதிகமாகக் காட்டும்.

லோக்கல் ரயில் நெரிசல், வியர்வை. ஐந்தாம் நாளே சென்சார் கழன்றுவிடுகிறது. (டோம்பிவிலி)

ஒட்டும் இடத்தில் எண்ணெய், க்ரீம் கூடாது. மாய்ஸ்சரைசர் கலக்காத சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. ரோமம் இருந்தால் மழித்துவிடுங்கள். மேலே ஓவர்பேட்ச் (சென்சாரைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுப்பட்டை) போடலாம், நடுவில் உள்ள துளையை மூடக்கூடாது. தேங்காய் எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கழற்றும் நாளுக்கு: ஓரத்தில் தடவினால் தோல் உரியாமல் வரும்.

மழைக்காலத்தில் குளுக்கோமீட்டரும் லேப் ரிப்போர்ட்டும் ஒத்துவருவதே இல்லை. (தாராவி)

ஸ்ட்ரிப்பில் இருக்கும் என்சைமுக்கு ஈரம் ஆகாது. ஜூலை மாதத்து மும்பையில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு விரலைத் துடைக்கப் போனால் மீதி ஸ்ட்ரிப்களும் கெடும். ஒன்றை எடுத்ததும் மூடுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள். திறந்த தேதியை மூடிமேல் எழுதி, லேபிளில் சொன்ன மாதங்களுக்குப் பிறகு தூக்கிப் போடுங்கள். மாம்பழம் உரித்த விரலைச் சானிடைசரால் துடைத்தால் போதாது, சர்க்கரை ஒட்டியிருக்கும். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும்.

கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும். குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-இன்படி, சுகர் 100-ம் அதற்கு மேலும் இருந்தால் மீட்டர் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். லேபில் 200 என்றால் மீட்டரில் 170 முதல் 230 வரை வந்தால் பயப்பட வேண்டாம்.

ஊசியே இல்லாமல் சுகர் பார்க்கும் வாட்ச் வாங்கலாமா? (மாட்டுங்கா)

வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சுகரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போடுவது ஆபத்து.

வாட்ச் ஈசிஜி நார்மல் என்கிறது, நெஞ்சு மட்டும் அழுத்துகிறது. (பாண்டுப்)

வாட்ச் எடுப்பது ஒற்றை லீட், அதாவது இதயத்தை ஒரே கோணத்தில் பார்ப்பது, அதுவும் சுமார் 30 வினாடி. ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்கத்தான் அது; மாரடைப்பைக் காட்டாது. ஆஸ்பத்திரியில் எடுப்பது 12 லீட். நெஞ்சு அழுத்தும்போது வாட்சைப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.