பூப்போட்ட புடவைக் குயில்ட்டுக்கு எந்தத் தையல்?

கேள்வி: மறைந்த என் மாமியாரின் நூல் புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, 60க்கு 90 அங்குல அளவில் ஒரு குயில்ட்டின் (உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) மேல்துணியைத் தைத்து முடித்திருக்கிறேன். எல்லாமே பூப்போட்டவை, கட்டம் போட்டவை. சில இடங்களில் மூலைகள் சரியாகச் சேரவில்லை. கல்லூரி விடுதிக்குப் போகும் மகளுக்காகச் செய்தது. இன்னொன்று, வெள்ளையும் நீலமுமான வெறும் துணியில் எட்டு முனை நட்சத்திரம். அக்காவின் புது வீட்டுக்கு. புதுச்சேரியில் குயில்டிங் மெஷின் வைத்திருப்பவரிடம் விசாரித்தபோது, "ஆல் ஓவரா, கஸ்டமா?" என்று கேட்டார். கஸ்டமுக்கு மூன்று மடங்கு கூலி. மாமியாரின் நினைவாகச் செய்வதற்குப் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாகக் கணக்குப் பாருங்கள். புடவைக் குயில்ட்டை ஆல் ஓவரில் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நட்சத்திரத்துக்குச் செலவழியுங்கள். பிரியமானவர்களின் துணி என்றால் விலை கூடிய தையல்தான் மரியாதை என்று பலரும் நினைக்கிறார்கள். தையலைத் தீர்மானிக்க வேண்டியது துணியும், இனிமேல் அது படப்போகும் பாடும்தான்.

கூலி ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தையல் மெஷினில் மெஷின் நிற்கும், துணி நகரும். குயில்டிங் மெஷினில் தலைகீழ்: மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் நீண்ட சட்டத்தின் உருளைகளில் இழுத்துக் கட்டிவிட்டு, தையல் தலையை அவற்றின் மேல் ஓட்டுவார்கள். ஆல் ஓவர் என்றால் ஒரே கோலம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிசை வரிசையாகப் போகும். கட்டம் எங்கே முடிகிறது, பார்டர் எங்கே தொடங்குகிறது என்று அது பார்ப்பதில்லை. ஒரு வரிசை முழுவதும் நூலை அறுக்காமலே ஓட்டலாம். கம்ப்யூட்டர் மெஷின் என்றால் கோலத்தை அதுவே போடும். இல்லாவிட்டால் மேசைமேல் விரித்த காகிதக் கோலத்தை லேசர் புள்ளியால் தொடர்ந்துகொண்டே தைப்பார்கள். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

கஸ்டம் என்பது ஒவ்வொரு பகுதிக்கும் தனித் திட்டம். நட்சத்திரத்துக்கு ஒன்று, வெள்ளை இடத்துக்கு ஒன்று, பார்டருக்கு வேறொன்று. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, நூலை முடிச்சிட்டு, முனையை உள்ளே புதைத்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். நேர்கோடு வேண்டுமென்றால் அளவுகோலை அண்டக்கொடுத்து இஞ்ச் இஞ்சாகத் தைக்க வேண்டும். பெரிய குயில்ட்டானால் நாள்கணக்கில் இழுக்கும். ஆகவே மூன்று மடங்கு கேட்பதில் அநியாயம் ஏதும் இல்லை.

இப்போது புடவைக் குயில்ட். பூப்போட்ட துணிமேல் போட்ட தையல் கண்ணுக்கே தெரியாது. நெருக்கமான அச்சுக்குள் நூல் கரைந்துபோய், ஒரு மேடுபள்ளம் மட்டுமே மிஞ்சும். அப்படியொரு துணியில் கட்டத்துக்குக் கட்டம் புதுக் கோலம் போடச் சொல்லி மூன்று மடங்கு கொடுத்தால், அந்த வேலையைத் திருப்பிப் போட்டு அடித்துணிப் பக்கம்தான் பார்க்க முடியும்.

அதைவிட முக்கியம், புடவையின் வயது. பல வருடம் உடுத்தித் துவைத்த நூல் புடவையில் இழைகள் மெலிந்திருக்கும். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: கொசுவம் விழுந்த இடமும் உட்காரும் இடமும் மற்ற இடங்களைவிட வெளிறி, சல்லடையாகத் தெரியும். இந்தத் துணிக்குச் சீரான இடைவெளியில் எங்கும் பரவிய தையல்தான் பாதுகாப்பு. இழுவை ஒரே இடத்தில் விழாமல் எல்லாத் தையலுக்கும் பகிர்ந்து போகும். வங்காளத்துக் காந்தாப் போர்வையில் நைந்த புடவைகளை அடுக்கி, முழுவதும் ஓட்டுத்தையல் போடுவதால் அது பல வருடம் உழைக்கிறது. அதுவும் ஒருவகையில் கையால் போட்ட ஆல் ஓவர்தான். கஸ்டமில் ஒரு கட்டம் நெருக்கமாகவும் அடுத்தது காலியாகவும் விடப்பட்டால், நெருக்கமான இடம் சுருங்கும், காலி இடம் உப்பும். குயில்ட் தட்டையாகப் படுக்காது. நைந்த துணி கிழியத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த எல்லையில்தான்.

அதற்காக ஆல் ஓவரையும் நெருக்கிப் போடச் சொல்லாதீர்கள். ஊசித் துளைகள் கூடக்கூட மெலிந்த இழை அறும். குயில்ட்டும் அட்டைபோல விறைத்துக்கொள்ளும். வரிக்கு வரி ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் இடைவெளி போதும். மெல்லிய ஊசி போடச் சொல்லுங்கள். சேராத மூலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வளைந்து நெளிந்து போகும் கோலம் அவற்றை மறைத்துவிடும். ஆனால் சதுர வலைபோன்ற நேர்கோட்டு ஆல் ஓவரைத் தவறியும் தேர்ந்தெடுக்காதீர்கள். கோடு நேராக ஓட ஓட, பக்கத்தில் கோணலாக நிற்கும் இணைப்பு பளிச்சென்று தெரியும்.

நடுப்பஞ்சு விஷயத்தில் சிக்கனம் கூடாது. மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு வாங்கி நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தலையணைக்கு அது அருமை. குயில்ட்டில் வழுக்கி ஓரமாய்த் திரண்டுவிடும், தையல் துளை வழியே வெளியேயும் வரும். தகடாகவே விற்கும் பருத்தி வாடிங் வாங்குங்கள். அதன் உறையிலேயே தையலுக்குத் தையல் அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போட்டிருக்கும். சிலவற்றுக்கு எட்டு, பத்து அங்குலம் வரை தாங்கும், சிலவற்றுக்கு மூன்று, நான்கு அங்குலம்தான். பருத்தி வாடிங் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு வரை சுருங்கி, மேல்துணியில் மெல்லிய சுருக்கம் விழும். எனக்கு அந்தச் சுருக்கம் பிடிக்கும். பிடிக்காதவர்கள் பாலியெஸ்டர் கலந்ததை வாங்கலாம். எதுவானாலும் மெல்லியதாக இருக்கட்டும். நம் கடற்கரையில் மார்கழி இரவுகள் தவிர கனமான குயில்ட்டுக்கு வேலையே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விடுதிக் கொடியில் காயாமல் நாற்றம் பிடிப்பதும் கனத்த பஞ்சுதான்.

நட்சத்திரத்தின் கதை வேறு. வெறும் துணியில் போடும் ஒவ்வொரு தையலும் தெரியும். நட்சத்திர முனைகளுக்கு இடையில் பெரிய வெள்ளைச் சதுரங்கள் எப்படியும் இருக்கும். அவை கஸ்டமுக்காகவே காத்திருக்கும் இடங்கள். அங்கே ஓர் ஆல் ஓவர் கோலத்தை ஓட்டினால் நட்சத்திரத்தின் கூர்மை மழுங்கிப்போகும். எனினும் முழுக் கஸ்டம் தேவையில்லை. நட்சத்திரத் துண்டுகளுக்கு இணைப்புத் தையலை ஒட்டி ஒரு கோடு, வெள்ளைச் சதுரங்களில் மட்டும் ஒரு நல்ல பூக்கொடியோ இறகோ, பார்டருக்கு எளிமையான ஒரு தொடர்கோலம். இப்படி ஒரு நடுவழிக்குத் தனியாக விலை கேளுங்கள். பெரும்பாலான தையல்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். கோலத்தின் நெருக்கம் மட்டும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள்.

அந்த நீலம் அவுரிச் சாயம் என்றால் வெள்ளையோடு சேர்ந்து மெஷினுக்குப் போகும் முன் சோதித்துவிடுங்கள். புதுச்சேரி நீலத் துணி 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. செனகல் ஆற்றங்கரைக் கோந்து வணிகத்தில் அது காசுக்குப் பதிலாகவே புழங்கியது. பெருமையெல்லாம் இருக்கட்டும், அவுரி தேய்த்தால் உதிரும் சாயம். மிஞ்சிய துண்டு ஒன்றை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். நீலம் ஏறினால், மேல்துணியை அப்படியே நனைத்துவிடாமல் முதலில் தையல்காரரிடம் சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன் அவர் ஏற்கெனவே தைத்த ஒரு குயில்ட்டைக் காட்டச் சொல்லி, திருப்பிப் போட்டுப் பாருங்கள். வளைவுகளில் அடிநூல் விறைப்பாக நேர்கோட்டில் கிடந்து, மேல்நூல் சின்னச் சின்னக் கண்ணிகளாகத் தலைநீட்டினால் நூல் இழுவை சரியில்லை என்று பொருள். நகத்தால் வருடினாலே தட்டும். அப்படிப்பட்டவரிடம் ஆல் ஓவரும் வேண்டாம், கஸ்டமும் வேண்டாம்.

அடித்துணி மேல்துணியைவிட நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும்; சட்டத்தில் கட்ட அந்தப் பிடி தேவை. உங்கள் அளவுக்கு 68க்கு 98 அங்குலம். ஐந்தரை மீட்டர் நூல் புடவை ஒன்றை இரண்டரை மீட்டராக இரண்டு துண்டு போட்டு, பக்கவாட்டில் இணைத்தால் போதும். அடியில் புதுப் புடவையே போடுங்கள், கரைகளைக் கட்டாயம் வெட்டிவிடுங்கள். கரையின் இறுக்கமான நெசவு தையலைச் சுருட்டி இழுக்கும். ஜரிகை என்றால் ஊசியும் நூலும் பாடுபடும். மேல்துணியின் பின்பக்கம் தொங்கும் நூல்களையும் நறுக்கிவிடுங்கள். வெள்ளைக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் மாட்டிக்கொண்டால், தைத்த பிறகு அதை எடுக்க வழியில்லை. அடுக்குகளை நீங்களே ஊசி குத்திச் சேர்க்க வேண்டாம். மூன்றையும் தனித்தனியாக மடித்துக் கொடுங்கள், சட்டத்தில் அவர் சேர்த்துக்கொள்வார். தைத்த பின் ஓரத்தில் வெட்டி எடுக்கும் வாடிங்கையும் அடித்துணியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளை மகள் எங்காவது கிழித்துக்கொண்டு வந்தால் ஒட்டுப்போட அதே துணி கையில் இருக்கும்.